கணவர் பெயர் என்றொரு கட்டம்

"இங்கனதான் பேரு வெட்டுற கம்ப்யூட்டரு இருக்கா?"

கேட்டவர் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் கம்பளித் துண்டு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறி வந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

குன்னூரில் எங்கள் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள், நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு டெலிபோன். கீழே வர்க்கி அடுப்பு எரிந்தால் மேலே எங்களுக்குக் கால் சூடாகும். பிற்பகலானால் மேகம் படியேறி உள்ளே வந்து, மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அன்றும் அவர் பின்னாலேயே அது வந்தது. ஒரு நிமிடம் அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் இருந்தது.

"எம் பேரு லெட்சுமி. சிலோன்லேருந்து வந்த நாள் மொதக்கொண்டு அந்தத் தோட்டத்துலதான் கொழுந்து எடுக்குறேன். இந்த மாசம் மூணு நாளுதான் வேலைக்கு வந்தேன்னு கம்ப்யூட்டரு சொல்லுதாம். வர்ற சனிக்கெழம பேரு வெட்டப் போறாங்களாம். அது இங்க பேக்கரிக்கு மேல இருக்குன்னு ஆபீசுல சொன்னாங்க. அதுக்கிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் அது. அங்கே காலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதிகிற புரோகிராமை எழுதியது நான்தான். தோட்டத்துக்கு நான் போனதே இல்லை. தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உள் அறையிலிருந்து சேகர் எட்டிப் பார்த்தான். அவன்தான் எங்கள் கோஆர்டினேட்டர். மோட்டார் சைக்கிளில் கிளையண்டுகளிடம் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று காகிதத்தில் குறித்து வருவான். நாங்கள் எழுதுவதைப் பிளாப்பியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வருவான்.

"ஏனுங்கம்மா, இங்கெல்லாம் வரப்படாதுங்க. தோட்டத்து ஆபீசுல போய்ச் சொல்லுங்க" என்றான். என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "கோகிலா, நீ பேச்சுக் குடுக்காத. அவிய நம்ம கிளையண்டே இல்ல. கிளையண்டு தோட்டத்துத் தொரைதான்."

சுவரில் ஒட்டிய விதி

சேகரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் கிளையண்டிடம் நேரில் பேசக் கூடாது, டெலிபோனையும் எடுக்கக் கூடாது. முதலாளி மோகன் சார் கையால் எழுதி, டேப் போட்டு ஒட்டியது.

அந்த விதி பிறந்ததே என்னால்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊட்டியில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்யும் புரோகிராம் கேட்டார்கள். நானே போய் ஓனரோடு உட்கார்ந்தேன். நல்ல மனிதர். டீ வரும், பேசுவார். எந்த ரூமுக்கு வெந்நீர் வாளி போனது என்று தெரிய வேண்டும் என்பார், சரிங்க என்பேன். எந்த விருந்தாளிக்கு இரண்டு கம்பளி வேண்டும் என்று நினைவு வைக்குமா என்பார், வைக்குங்க என்பேன். மூன்று மாதம் டீ குடித்தேன். கடைசியில் அவர், "இதெல்லாம் எதுக்கும்மா, எனக்குப் பழைய நோட்டே போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

மோகன் சார் திட்டவில்லை. "சமையல்காரன் பந்தியில வந்து நின்னா, ஒருத்தன் உப்புங்கறான், ஒருத்தன் புளிங்கறான். அப்பறம் அடுப்ப யாரு பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காகிதம் சுவரில் இருந்தது.

எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். மனிதர்களோடு பேசாமல், ஜன்னலில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கலாம். சேகரின் காகிதம் வரும், அதில் உள்ளதை எழுதுவேன். உலகம் அந்தக் காகிதத்தின் அளவுக்குச் சுருங்கியதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

மரமாகிப் போன தேயிலை

அது தேயிலை விலை விழுந்துகிடந்த காலம். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பச்சைத் தேயிலை விலையைத்தான் பேசினார்கள். பேசி முடித்ததும் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், கண்ணாடியில் ஆவி படியும்.

கூலி கொடுத்துப் பறித்தால் கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். தேயிலையைக் கவாத்துப் பண்ணி வெட்டிவிடாமல் விட்டால் அது மரமாகிவிடும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நடுவில் மஞ்சளோடு வெள்ளைப் பூ பூத்து நிற்கும். மூடுபனியில் அந்தப் பாதையாகப் போனால் வேறு ஏதோ ஊருக்கு வழி தவறி வந்துவிட்ட மாதிரி இருக்கும். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை.

இந்தத் தோட்டத்தில் செலவைக் குறைக்க இரண்டு டிவிஷன்களை ஒன்றாக்கினார்கள். அத்தனை பேரையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்கிற பழைய கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கீழே சமவெளியிலிருந்து வந்த புதிய எழுத்தர் ஒருவரையும் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்தார்கள். இரண்டு டிவிஷனிலும் ஒரே நம்பர் இரண்டு பேருக்கு இருந்தது. ஆகவே நம்பர் வேண்டாம் என்று முடிவானது. சேகரின் காகிதத்தில் இப்படி இருந்தது: பெயர் கேட்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஆணுக்குத் தகப்பன் பெயர், பெண்ணுக்குக் கணவர் பெயர். ஜன்னலில் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். கூட்டம் கூடாது.

சுத்தமான காகிதம். ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு முறை பதிந்தால், இரண்டாவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொல்லி நானாகவே ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

சாமி பேரு

லெட்சுமியக்காவை நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

வாராவாரம் தோட்டத்திலிருந்து வரும் பிளாப்பி மேசையில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். நான்கு லெட்சுமிகள் இருந்தார்கள். ஒரு லெட்சுமி ஒரு நாள்கூட விடாமல் வந்திருந்தார். மற்ற மூவரும் வந்ததே அபூர்வம்.

"புருசன் பேரு சொல்லுங்கக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண் மாதிரிச் சிரித்தார்.

"அது எப்புடிப் புள்ள..."

"சொன்னாத்தானுங்கக்கா தேட முடியும்."

"மல மேல நிக்கிற சாமி பேரு."

நான் திரையைப் பார்த்தேன். ஆறுமுகம், சுப்பிரமணி, பழனி, வேலாயுதம். நான்கு பேருமே மலைமேல் நிற்கிற சாமிதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சேகர் சிரிக்கவில்லை.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "அவருக்கு நெஞ்சுல கோளாறு. லயத்துல இருமிக்கிட்டுக் கெடக்காரு. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. நல்லா இருக்குற மனுசன்னாக்கூடப் பரவாயில்ல." சற்றுப் பொறுத்து, "எம் பேர வெட்டுனா தோட்டம் குடுத்த அந்த லயத்து வீட்டயும் எடுத்துக்குவாங்க. அவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?" என்றார்.

நான் திரையில் இருந்த நான்கு பெயர்களையும் மறுபடி பார்த்தேன்.

"அவரு பேரு இல்லாட்டி கம்ப்யூட்டருக்கு என்னயத் தெரியாதா புள்ள?"

"தெரியாதுங்கக்கா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூட இவ்வளவு நாள் என்னை உறுத்தியதில்லை.

நாலு மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போனார். படியில் இறங்கும்போதே மேகம் அவரை மூடிக்கொண்டது.

சோற்றில் நின்ற கை

இவ்வளவு நடந்தும் எனக்கு விஷயம் பிடிபடவில்லை. ஒரு மனுஷி வாய் திறந்து பெயர் சொல்லாதது அவருடைய சங்கடம் என்றுதான் நினைத்தேன். நான் படித்தவள் அல்லவா, அப்படித்தான் நினைப்பேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் வெங்காய மண்டி. கடையடைத்து வந்து, ஈர மப்ளரை உதறிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, சோறு ஆறுது. வாங்க."

கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. பிறந்தது முதல் கேட்ட "ஏனுங்க". அதற்குப் பின்னால் ஒரு பெயர் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அம்மா, அப்பா பேரென்ன?"

"இதென்ன புள்ள கேள்வி? ரேசன் கார்டுல இருக்கு, எடுத்துப் பாரு."

"நீ சொல்லேன்."

"போடி அக்கட்டால" என்று அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

யாராவது கணக்கெடுக்க வந்தால் அம்மா கதவோரம் நின்று பக்கத்து வீட்டு அக்காவைப் பார்ப்பார். அந்த அக்கா அப்பாவின் பெயரைச் சொல்வார். அவர் வீட்டுக்காரர் பெயரை அம்மா சொல்வார். இதை நூறு முறை பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நான்தான், ஆயிரம் மைல் தள்ளி வேறு நாட்டில் பிறந்தவள் மாதிரி, அந்தக் கட்டத்தைத் திரையில் வரைந்திருக்கிறேன்.

ஒரு நாள்கூட விடாமல் வந்த அந்த லெட்சுமியின் கணவர் ஆறுமுகம். அகர வரிசையில் முதல் பெயர். மற்றவர்களும் தினமும் வந்திருக்கிறார்கள். பெயர் சொல்லாதபோதெல்லாம் எழுத்தர் முதல் பெயரையே தட்டியிருப்பார், எல்லாரும் ஆறுமுகம் மனைவியின் கணக்கில் போய் விழுந்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று நான் சேர்த்த அந்த அருமையான வரி, அவர்கள் வந்த சுவடே இல்லாமல் செய்திருக்கிறது. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

கயிறு

மறுநாள் அலுவலகத்துக்குச் சொல்லாமல் முதல் பஸ் ஏறினேன். கோத்தகிரியில் இறங்கி வேறு பஸ். கீழ் கோத்தகிரிப் பக்கம் இறங்க இறங்க மேகம் எங்களுக்கு மேலே போய்விட்டது. சரிவெல்லாம் ஈரம், வெயில் இன்னும் வரவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் பாதித் தூக்கத்தில், திரையில் வரிசையாக நின்ற பெயர்கள் கம்பளித் துண்டு கட்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தேன்.

காலையில் ஆட்கள் கூடும் இடத்தைப் பெரட்டுக் களம் என்கிறார்கள். ஓரத்தில் ஆபீஸ். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை வெட்டியிருந்தது. அதன் முன் ஒருவர்தான் நிற்கலாம். அடுத்தவர் நாலு எட்டுத் தள்ளி, ஒரு கயிற்றுக்குப் பின்னால்.

உள்ளே எழுத்தர். கெட்டவர் இல்லை, அவசரம்தான்.

"பேரு?"

"மாரியாயி."

"புருசன் பேரு?"

அவர் தரையைப் பார்க்கிறார். பின்னால் அறுபது பேர் காத்திருக்கிறார்கள்.

"சரி சரி, அங்கமுத்துதானே? போ, போ."

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "முன்னெல்லாம் எப்படிங்கக்கா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"முந்தியெல்லாம் கூட்டமா நிப்போம். புதுசா யாராச்சும் புருசன் பேரு கேட்டா, பின்னாடி நிக்கிறவ சொல்லுவா, பழனி பொஞ்சாதின்னு. இப்பத்தான் கயிறு கட்டிட்டாங்களே. சத்தம் போட்டா வையுறாங்க."

கூட்டம் கூடாது என்று சேகர் ஒரு வரியில் குறித்திருந்தது இதுதான். அந்த நாலு எட்டுத் தூரத்தை எந்தக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

தொரை

மேனேஜரை அங்கே எல்லாரும் தொரை என்றுதான் சொன்னார்கள். வெள்ளைக்காரர் இல்லை, திருச்சிப் பக்கத்துக்காரர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. நான் இன்னார் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் எழுதினதா? இத்தனை நாளா சேகரைத்தான் பார்த்திட்டிருக்கேன். எழுதறது யாருன்னே தெரியாது."

"நாங்க இங்க வரக்கூடாதுங்க சார். ரூல்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கம்பெனிக்கு இந்தத் தோட்டம் போய்விடும், என் வேலையும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"யார் நிஜமா வந்தாங்க, யார் வரலைன்னு இப்ப எடுக்க முடியுமா?"

"முடியாதுங்க சார். அழிஞ்சு போகலை, பதியவே இல்லைங்க."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பேர் வெட்டும் பட்டியலை எடுத்தார். விரலை வைத்துப் படித்தார். லெட்சுமி, லெட்சுமி, மாரியாயி, சரோஜா, லெட்சுமி, மாரியாயி. ஒரே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அதை நானும் பார்த்திருக்கலாம், அவரும் பார்த்திருக்கலாம். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"இந்த லிஸ்ட்டை நிறுத்தி வைக்கிறேன். இன்னைக்கே சரி பண்ணிடுவீங்களா?" என்றார்.

மதியத்துக்குள் சரி செய்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். பெண்கள் மத்தியில் உட்கார்ந்து, உங்களை லயத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். தண்ணி டேங்கடி லெட்சுமி, கண்டி லெட்சுமி, கொய்யாமரத்து லெட்சுமி, சின்ன லெட்சுமி என்று வந்து விழுந்தன. அந்தப் பெயர்களைத்தான் பதிந்தேன். கணவர் பெயர் என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். பட்டியலில் இருந்த ஒருவர் பெயரும் அந்தச் சனிக்கிழமை வெட்டப்படவில்லை. மோகன் சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டு, "டீ குடிக்கறதுக்கு மட்டும் போகாதே" என்றார்.

எழுதுகிறவர்கள் நேராகப் போய்ப் பேச வேண்டுமா என்று இப்போதும் இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அன்று காலை, தொரையின் அறையிலிருந்து நான் இறங்கி வந்தபோது நடந்ததை அவர்களிடம் சொல்வதில்லை. அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

ஜன்னல்

படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயில் வந்திருந்தது. களம் முழுக்க ஈரச் சாக்குகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. லெட்சுமியக்காவைத் தேடினேன். பேர் வெட்ட மாட்டார்கள், இனி அந்தக் கேள்வியையே கேட்க மாட்டார்கள் என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

அவர் கயிற்றைத் தாண்டி ஜன்னலுக்கு முன் நின்றிருந்தார். நான் பத்தடி தள்ளி இருந்தேன்.

"பேரு?"

"லெட்சுமி."

"புருசன் பேரு?"

எழுத்தர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, விரல் ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமியக்கா படங்கின் முனையால் வாயைத் துடைத்தார். குனிந்தார். அந்தக் கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தார்.

"சுப்பிரமணி" என்றார்.

ஓட்டைக்குள் கேட்காதோ என்று பயந்து உரக்கச் சொல்லிவிட்டார். களம் முழுக்கக் கேட்டது. கயிற்றுக்குப் பின்னால் பேச்சு நின்றது. ஒருத்தி "அடி ஆத்தே" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அதில் ஒரு நிம்மதி வந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சொல்லிட்டேன் புள்ள. நேத்து நீ சொன்னியே, சொன்னாத்தான் தெரியும்னு."

நான் கொண்டுவந்த சேதி வாயிலேயே நின்றது.

அவர் திரும்பி லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அடிக்குரலில் கேட்டார்.

"நல்லாக் கேட்டுச்சா? இன்னொருக்காச் சொல்லச் சொல்லிறாத."